கரையோரப் பாய்மரப் படகுப் போட்டிக்கான சிறிய கருவிப்பை: எதை எடுப்பது, எதை விடுவது

மன்றப் போட்டிகளில் பாய்மரப் படகு ஓட்டப் புதிதாக வருபவர்களில் சிலர் ஒரு கத்திகூட இல்லாமல் படகில் ஏறுகிறார்கள். வேறு சிலர் வீட்டிலுள்ள இரும்புக் கருவிப்பெட்டியை அப்படியே தூக்கிக்கொண்டு வருகிறார்கள். முதல் பருவத்தில் நான் இரண்டாம் வகையைச் சேர்ந்தவனாக இருந்தேன். பெட்டியின் எடை பன்னிரண்டு கிலோவுக்குக் குறையாது. ஒரு பிற்பகல், காற்றை எதிர்த்து ஏறிக்கொண்டிருந்தபோது, பெரிய பாயைக் கட்டுப்படுத்தும் ஷீட் கயிறு ஓடும் கப்பியைப் பிடித்திருந்த ஷேக்கிளின் (U வடிவ இணைப்பு வளையம்) திருகாணி கழன்று கடலில் விழுந்தது. பாயின் அடிவிளிம்பைத் தாங்கும் தண்டான பூம் கட்டுப்பாடின்றி வெளியே வீசியது. நான் கீழே இறங்கிப் பெட்டியைத் திறந்து, சாக்கெட்டுகளுக்கும் ஆணிகளுக்கும் அடியில் பொருத்தமான ஷேக்கிளைத் தேடிக்கொண்டிருந்தேன். அதற்குள் அணியத்தில் (படகின் முன்முனையில்) இருந்த மூத்த நண்பர் தம் கால்சட்டைப் பையிலிருந்து சில முழ நீளக் கயிற்றை எடுத்து, கப்பியையும் பூமையும் ஆறேழு சுற்றுச் சுற்றிக் கட்டி முடித்துவிட்டார். அந்தக் கட்டு அன்றைய இரண்டு போட்டிகளையும் தாங்கியது.

அன்றிலிருந்து கருவிப்பைக்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றே. ஆடிக்கொண்டிருக்கும் தளத்தில், ஒரு கையால் படகைப் பற்றிக்கொண்டு, ஐந்து நிமிடத்துக்குள் செய்து முடிக்கக்கூடிய வேலைக்கு உதவும் பொருள் பைக்குள் வரலாம். அதைவிட நீண்ட வேலைக்கான பொருளுக்குக் கரையில் இடம் இருக்கிறது. கரையோரப் போட்டியில் படகைச் செப்பனிடுவது நோக்கமன்று. அடுத்த மிதவையைச் சுற்றி முடிப்பதும், பாதுகாப்பாகத் துறைக்குத் திரும்புவதும்தான் நோக்கம்.

எந்தப் படகு, எந்த நீர்

ஒரு குறிப்பிட்ட சூழலை மனத்தில் கொண்டே இதை எழுதுகிறேன். இடம், சிங்கப்பூரின் சாங்கி முனைக்கும் உபின் தீவுக்கும் அருகிலுள்ள கிழக்கு ஜோகூர் நீரிணை. படகு, ஜே/24. ராட் ஜான்ஸ்டன் வடிவமைத்து 1977 முதல் விற்பனைக்கு வந்த இவ்வகைப் படகு 7.32 மீட்டர் நீளமும் சுமார் 1,400 கிலோ எடையும் கொண்டது. வழக்கமாக ஐந்து பேர் ஓட்டுவார்கள். மிதவைகளைச் சுற்றி ஒன்று அல்லது ஒன்றரை மணி நேரம் நடக்கும் பகற்போட்டிகள், கண்ணுக்கெட்டிய தொலைவில் கரை, அருகில் ஒரு மீட்புப் படகு: இந்த நிலைமை உள்ள எந்த மன்றத்துக்கும் கீழே சொல்வது பொருந்தும். இரவில் ஓடும் போட்டிக்கும், கரை மறையும் தொலைவுக்குச் செல்லும் போட்டிக்கும் இந்தப் பை போதாது. அவற்றுக்கு வேர்ல்டு செயிலிங் அமைப்பின் சிறப்பு விதிமுறைகள் தனித்தனிப் பிரிவுகளில் கட்டாயப் பொருள்களை வகுத்திருக்கின்றன. கரையோரப் போட்டிக்கும் உங்கள் மன்றத்தின் அறிவிப்பிலும் படகு வகையின் விதிகளிலும் கட்டாயப் பொருள்கள் குறிப்பிடப்பட்டிருக்கலாம். முதலில் அவற்றைப் படித்துவிட்டு, அவற்றின் மேல் இந்தப் பையைக் கட்டுங்கள்.

பையின் அளவைத் தீர்மானிப்பதில் போட்டி விதிகளுக்கும் பங்குண்டு. விதி 41-இன்படி போட்டியில் இருக்கும் படகு வெளியாரிடமிருந்து உதவி பெறக்கூடாது. காயமுற்றவர், நோயுற்றவர், ஆபத்தில் இருப்பவர் ஆகியோருக்கான உதவி உள்ளிட்ட சில விலக்குகள் மட்டுமே உண்டு. ஆகவே பக்கத்துப் படகிடம் ஸ்பேனர் கடன் வாங்குவது போட்டியின் நடுவில் இயலாது. ஆனால் விதிகளின் பொருளில் ‘போட்டியில் இருப்பது’ ஆயத்தச் சைகையிலிருந்துதான் தொடங்குகிறது. வழக்கமான முறையில் அது புறப்பாட்டுக்கு நான்கு நிமிடம் முன்பு வரும். அதற்கு முன்பும், ஒரு போட்டியை முடித்துக் கோட்டைவிட்டு விலகிய பிறகும், துணைப்படகிடமிருந்து எதையும் வாங்கிக்கொள்ளலாம். மேலும், ஆயத்தச் சைகைக்குப் பிறகு படகைக் கட்டிவைக்கக் கூடாது என்று சொல்லும் விதி 45, பழுது பார்ப்பதற்காகக் கட்டிவைப்பதை அனுமதிக்கிறது. இவற்றைச் சேர்த்துப் பார்த்தால், இரண்டு போட்டிகளுக்கு இடையில் செய்யத்தக்க வேலைக்கான கனமான பொருளைத் துணைப்படகிலோ துறையிலோ வைத்துக்கொள்ளலாம் என்பதும், மிதவைக்கும் மிதவைக்கும் இடையில் தேவைப்படுவதை மட்டுமே நாம் சுமக்க வேண்டும் என்பதும் தெளிவாகும்.

எடையைக் காரணம் காட்டிப் பலர் கருவிகளைக் குறைக்கிறார்கள். 1,400 கிலோ படகில் மூன்று கிலோ என்பது ஆயிரத்தில் இரண்டு பங்குதான். அதனால் போட்டி தோற்கப்போவதில்லை. என் அனுபவத்தில் எடையைவிடத் தேடும் நேரமே பெரிய சுமை. பத்துப் பொருள் உள்ள பையில் கை தானாகவே உரிய பொருளைக் கண்டுபிடிக்கும். அறுபது பொருள் உள்ள பெட்டியில் கண் தேட வேண்டும், கண் தேடும்போது தலை குனிய வேண்டும், தலை குனிந்தவர் அலையையும் பூமையும் பார்ப்பதில்லை.

வாங்குவதற்கு முன் கணக்கெடுங்கள்

கடைக்குப் போவதற்கு முன்னால் ஒரு குறிப்பேடும் வெர்னியர் காலிப்பரும் எடுத்துக்கொண்டு படகில் ஒரு காலைப் பொழுதைச் செலவிடுங்கள். அணியத்தில் தொடங்கிச் சுக்கான்வரை நடந்து, கழலக்கூடிய ஒவ்வொன்றையும் எழுதுங்கள்: முன்கம்பி வடத்தின் அடிமுளை (துளையில் செருகும் உலோகத் தண்டு), பாய்மரத்தை இருபுறமும் தாங்கும் கம்பிகளான ஷ்ரவுடுகளின் டர்ன்பக்கிள்கள் (இறுக்கும் திருகுகள்), பூமும் பாய்மரமும் சேரும் கூஸ்நெக், கயிறு இழுக்கும் உருளைகளான வின்ச்சுகள், கப்பிகளின் ஷேக்கிள்கள், கயிற்றைப் பிடித்துவைக்கும் கிளீட்டுகளின் திருகாணிகள், சுக்கான் பொருத்திகள், சுக்கானைத் திருப்பும் கைத்தடி. ஒவ்வொன்றுக்கும் எதிரே அதன் அளவையும், அதைத் திறக்க என்ன கருவி வேண்டும் என்பதையும் எழுதுங்கள்.

இந்தக் கணக்கெடுப்பைத் தவிர்த்தால் அளவுக் குழப்பத்தில் மாட்டிக்கொள்வீர்கள். அமெரிக்க வடிவமைப்பில் பிறந்த படகில் மூலப் பொருத்திகள் அங்குல அளவில் இருக்கும். பிற்காலத்தில் மாற்றியவை மில்லிமீட்டரில் இருக்கும். கால் அங்குலம் என்பது 6.35 மில்லிமீட்டர், அந்தத் துளையில் 6 மில்லிமீட்டர் முளையைப் போட்டால் அது ஆடி ஆடித் துளையை நீள்வட்டமாக்கும். 5/16 அங்குலமும் 8 மில்லிமீட்டரும் ஏறக்குறைய ஒன்றே என்பதால் ஸ்பேனர் பொருந்திவிடும். ஆனால் 3/16 அங்குல ஆலன் தலைக்குள் 5 மில்லிமீட்டர் கீ நுழையாது, 4.5 மில்லிமீட்டர் கீ நுழைந்து வழுக்கி, தலையின் மூலைகளை மழுக்கிவிடும். இதை நீரின் நடுவில் கண்டுபிடிப்பதைவிடத் துறையில் கண்டுபிடிப்பது நல்லது.

எழுதி முடித்த பட்டியலை வடிகட்டுங்கள். போட்டியின்போது கழலவோ உடையவோ வாய்ப்பு உள்ளவை எவை, அவற்றுள் கையெட்டும் இடத்தில் இருப்பவை எவை என்று இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். பாய்மர உச்சியில் இருப்பதைப் போட்டியின் நடுவில் யாரும் ஏறிச் சரிசெய்யப் போவதில்லை; ஆகவே அதற்கான கருவி பைக்கு வேண்டாம். எங்கள் படகில் நாற்பதுக்கும் மேற்பட்ட பொருத்திகளை எழுதினோம்; வடிகட்டியபின் இரண்டு ஆலன் கீ, ஒரு ஸ்க்ரூ ஸ்பேனர், இரண்டு திருப்புளி ஆகியவற்றுக்கான தேவைதான் எஞ்சியது.

இரும்புப் பொருள்கள்

கத்தியைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும், ஏனெனில் அது பையில் இருக்கக்கூடாது. மனிதர் கயிற்றில் சிக்கினாலோ, படகு சாய்ந்து ஷீட் கயிறு விடுபடாமல் போனாலோ பையைத் திறக்க நேரமிருக்காது. உறையில் இட்ட கூரிய கத்தி ஒன்று, ஓட்டுநர் குழியிலிருந்து கையெட்டும் இடத்தில், கயிற்றால் பிணைக்கப்பட்டு எப்போதும் இருக்க வேண்டும். இயன்றால் பாய்மரத்தின் அடியில் இன்னொன்று இருக்கட்டும். நுனி மழுங்கிய, அலகில் பாதி ரம்பப்பல் உள்ள கத்தி சிறந்தது. ரம்பப்பல் தடித்த கயிற்றை விரைவாக அறுக்கும். மழுங்கிய நுனி அவசரத்தில் அருகிலிருப்பவரையோ அவருடைய காற்றடைத்த மிதவைச் சட்டையையோ குத்தாது.

பைக்குள் முதலில் வரவேண்டியது இடுக்கி. நம் ஊர்ப் பட்டறைகளில் கட்டிங் பிளேயர் என்று சொல்லும் கருவிதான். 180 மில்லிமீட்டர் நீளம் போதும். ஷேக்கிள் திருகை இறுக்கவும், ஸ்பிளிட் பின்னை (முளை நழுவாமல் காக்கும் இருகால் கம்பி) நேராக்கி இழுக்கவும், மெல்லிய கம்பியை வெட்டவும் அது ஒன்றே உதவும். இரண்டாவதாக, பூட்டிக்கொள்ளும் இடுக்கி ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். பிடித்த பிடியை விடாத அந்தக் கருவி மூன்றாவது கையைப் போன்றது. சுக்கான் கைத்தடியின் முளை உடைந்தபோது அதைக் கொண்டே துறைக்குத் திரும்பியவர்கள் உண்டு. மூன்றாவது, 200 மில்லிமீட்டர் ஸ்க்ரூ ஸ்பேனர். சாக்கெட் தொகுதி தரும் துல்லியம் இதில் இல்லை. ஆனாலும் அங்குலம், மில்லிமீட்டர் என்ற வேறுபாடு பாராமல் எல்லா நட்டையும் பிடிக்கும். டர்ன்பக்கிளைத் திருப்ப ஒரு கருவியும், அதன் உடல் சுழலாமல் பிடிக்க மற்றொன்றும் வேண்டும் என்பதால், ஸ்பேனரும் பூட்டு இடுக்கியும் இணைந்தே வேலை செய்யும்.

திருப்புளிகளில், தட்டை வாயுள்ளது ஒன்றும் இரண்டாம் எண் நட்சத்திர வாயுள்ளது ஒன்றும் போதும். தட்டைத் திருப்புளி சற்றுத் தடித்ததாக இருந்தால் முளையை நெம்பவும் பயன்படும். ஆலன் கீ தொகுதியை முழுமையாகக் கொண்டுசெல்லாமல், கணக்கெடுப்பில் வந்த அளவுகளை மட்டும் எடுத்து, ஒவ்வொன்றின் நீண்ட தண்டிலும் ஒரு நிற நாடாவைச் சுற்றுங்கள். எங்களுக்குச் சிவப்பு என்றால் கிளீட், நீலம் என்றால் கப்பித் தண்டவாளம்.

கம்பி வடத்தை வெட்டும் பெரிய கத்தரியைப் பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. பாய்மரம் முறிந்து விழுந்தால், அதன் முறிந்த முனை படகின் உடலைக் குத்துவதற்கு முன் கம்பிகளை விடுவிக்க வேண்டும் என்பதே அதைச் சுமப்பதற்கான நியாயம். திறந்த கடலில் அது மறுக்க முடியாத நியாயம். மீட்புப் படகு நிமிடங்களில் வந்துசேரும் நீரில், 24 அடிப் படகின் மெல்லிய கம்பிகளுக்கு, ஸ்பிளிட் பின்னை உருவி முளையைத் தட்டி வெளியேற்றுவது பெரும்பாலும் போதுமானது என்பது என் முடிவு. அதற்காகவே ஒரு சிறு சுத்தியலையும், முளையைவிடச் சற்று மெல்லிய ஒரு எஃகுத் தண்டையும், ஹாக்சா அலகு இரண்டையும் எடுத்துக்கொள்கிறேன். மன்ற விதி கத்தரியைக் கேட்டால், மறுபேச்சின்றி எடுத்துச் செல்லுங்கள்.

கயிறு, நாடா, முளை: பையின் உயிர்

மேலே சொன்ன இரும்பைவிட, செலவாகிக் குறையும் பொருள்களைத்தான் நான் அதிகம் பயன்படுத்தியிருக்கிறேன். அவற்றுள் முதலிடம் டைனீமா என்னும் வலிய செயற்கை இழையாலான மெல்லிய கயிற்றுக்கு. 3 மில்லிமீட்டரில் ஐந்து மீட்டரும் 4 மில்லிமீட்டரில் மூன்று மீட்டரும் எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல தரமான 4 மில்லிமீட்டர் டைனீமா ஒரு டன்னுக்கும் மேற்பட்ட இழுவையைத் தாங்கும், நீரில் மிதக்கும், நீட்சி மிகக் குறைவு. இவ்வளவு வலிமைக்கும் எதிராக அதற்கு இரண்டு குறைகள் உண்டு. ஒன்று, அது வழுவழுப்பானது. சாதாரணக் கயிற்றில் நம்பிக்கையோடு போடும் முடிச்சு இதில் வழுக்கும், வழுக்காவிட்டாலும் முடிச்சிட்ட இடத்தில் வலிமை பாதிக்கு மேல் குறையக்கூடும். மற்றொன்று, 150 பாகை செல்சியஸ் வெப்பத்துக்குள் உருகிவிடும். வேகமாக உராயும் இடத்தில் அது நிலைக்காது.

ஆகவே டைனீமாவை முடிச்சால் நம்பாமல், சுற்றுகளால் நம்ப வேண்டும். ஒரு ஷேக்கிள் உடைந்தால் இப்படிச் செய்யுங்கள். முதலில் அந்தப் பொருத்தியின் மேலுள்ள இழுவையை முழுவதும் தளர்த்துங்கள்; பாயை அலையவிட்டுச் சுமையை எடுத்த பிறகே கையை அருகில் கொண்டுசெல்லுங்கள். உலோகக் கண்ணின் விளிம்பு கூராக இருந்தால் அதன்மேல் இரண்டு சுற்று நாடா ஒட்டுங்கள். பின்னர் 3 மில்லிமீட்டர் கயிற்றின் ஒரு முனையில் ஒரு முழ நீளத்தை விட்டுவிட்டு, கப்பியின் கண்ணையும் எதிர்க் கண்ணையும் இணைத்து ஆறு சுற்றுச் சுற்றுங்கள். ஒவ்வொரு சுற்றையும் ஒரே அளவு இறுக்கத்தோடு இழுங்கள். ஒரு சுற்று தளர்ந்திருந்தால் மற்றவை அதன் பங்கையும் சுமக்கும். எல்லாச் சுற்றுகளையும் ஒருசேர நடுவில் நான்கைந்து முறை குறுக்கே சுற்றி நெருக்கி, விட்டுவைத்த முனையோடு சேர்த்துப் பலமுறை முடிச்சிட்டு, முனைகளின் மேல் நாடா ஒட்டிவிடுங்கள். சுமையைச் சுற்றுகள் தாங்கிக்கொள்வதால் முடிச்சுக்கு மிகச் சிறிய வேலைதான் மிஞ்சும். துறையில் பத்து முறை செய்து பழகினால் நீரில் இரண்டு நிமிடத்துக்குள் முடியும்.

அதைவிட விரைவானது, கரையில் முன்கூட்டியே பின்னிவைத்த மென் ஷேக்கிள். டைனீமாவின் ஒரு முனையில் கண்ணும் மறுமுனையில் உருண்டை முடிச்சும் உள்ள இந்த வளையத்தைச் செருகி மாட்டக் கருவி எதுவும் தேவையில்லை. ஒரே அளவில் மூன்று பின்னி வைத்துக்கொள்ளுங்கள். கப்பி, ஷீட் கயிறு, பாயின் மூலை என எங்கு வேண்டுமானாலும் அது நுழையும்.

உலோக ஷேக்கிள்களில் உங்கள் படகில் மிகுதியாக உள்ள இரண்டு அளவுகளில் இரண்டிரண்டு போதும். கடல்நீருக்கு 316 தரத் துருவேறா எஃகையே வாங்குங்கள். ஏ4 என்று பொறித்திருப்பதும் அதே வகைதான். 304 தரம் உப்பு நீரில் விரைவில் பழுப்புக் கறை கொள்ளும்.

ஸ்பிளிட் பின்களைப் பற்றி நீளமாகவே சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் பாய்மரம் நிற்பதே அவற்றால்தான். கம்பி வடத்தின் சுமை முழுவதையும் முளை தாங்கினாலும், அந்த முளை வெளியே நழுவாமல் காப்பது சில காசு பெறும் இந்தச் சிறு கம்பிதான். அளவு சரியாக இருந்தால் அது துளையை ஏறக்குறைய நிரப்பும். முளையின் விட்டத்தைப் போல ஒன்றரை மடங்கு நீளமே அதற்குப் போதும். அதற்கு மேல் நீண்ட கால்கள் பாயையும் கயிற்றையும் கைகளையும் கிழிக்கும். கால்களைப் பின்னோக்கி முழுவதும் மடக்கிவிடுவது பலரும் செய்யும் தவறு. கத்தரிக்கோல் சற்றே திறந்ததுபோல் விரித்தால் போதும். நழுவவும் நழுவாது, அவசரத்தில் இடுக்கியால் ஒரே இழுப்பில் வெளியே வந்தும்விடும். வெட்டிய முனைகளை அரத்தால் தேய்த்து, மேலே நாடா சுற்றுங்கள். ஒருமுறை மடித்து நேராக்கியதை மறுபடி பயன்படுத்தாதீர்கள். துருவேறா எஃகு மடிக்க மடிக்கக் கடினமாகி, பார்வைக்குத் தெரியாமல் முறியும். சிறு வளையங்கள் மாட்ட எளிதானவைதான். ஆனால் தளர்ந்த கயிறு ஒன்று உரசி அவற்றைச் சுழற்றி வெளியேற்றிவிடும் என்பதால், கயிறு உரசும் இடத்தில் நான் அவற்றை வைப்பதில்லை. கணக்கெடுப்பில் வந்த ஒவ்வொரு அளவிலும் ஆறு பின்களும், ஒவ்வொரு வகை முளையிலும் ஒன்றும், ஒரு பழைய மாத்திரைக் குப்பியில் அடங்கிவிடும்.

அடுத்தது பாய் கிழிதல். பின்காற்றில் விரிக்கும் ஸ்பின்னேக்கர் பாய் மெல்லிய நைலான்; அதற்கு அதே வகை ஒட்டுநாடா, 50 மில்லிமீட்டர் அகலத்தில். பெரிய பாய்க்கும் முன்பாயான ஜெனோவாவுக்கும் தடித்த பாலியெஸ்டர் ஒட்டுத்துணி, இரண்டு கையகலம். ஒட்டின் வெற்றி பசையில் இல்லை. ஒட்டும் பரப்பின் தூய்மையில் இருக்கிறது. உப்புப் படிந்த துணியில் எந்தப் பசையும் பிடிக்காது. குடிநீரால் கழுவி, உலர்ந்த துணியால் ஒற்றி, ஊசி போடுவதற்கு முன் துடைக்க மருந்தகங்களில் கிடைக்கும் ஆல்கஹால் தாளால் துடைத்துக் காயவிடுங்கள். ஒட்டுத்துணியின் நான்கு மூலைகளையும் வட்டமாகக் கத்தரியுங்கள். கூரான மூலைதான் முதலில் உரியும். கிழிசலுக்கு அப்பால் எல்லாப் பக்கமும் ஐந்து சென்டிமீட்டர் நீளும்படி இருபுறமும் ஒட்டி, கரண்டியின் முதுகால் அழுத்தித் தேயுங்கள். பாயின் விளிம்பில் கிழிந்திருந்தால் ஒட்டு மட்டும் நிற்காது. ஒட்டிய மேல், கோணி ஊசியாலும் மெழுகு நூலாலும் நெளிவாகத் தைக்க வேண்டும். போட்டியின் நடுவில் அதற்கு நேரம் கிடைப்பது அரிது. காற்று மிகுந்திருந்தால் அந்தப் பாயை இறக்கிவிடுவதே அறிவுடைமை. புதிய பாயின் விலையை நினைத்துப் பாருங்கள்.

நாடாக்களில், வெள்ளை இன்சுலேஷன் டேப் ஒன்றும், தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் நாடா ஒன்றும் வேண்டும். ரப்பர் நாடாவை அதன் நீளத்தைப்போல் இரண்டு மடங்காவது இழுத்துச் சுற்றினால்தான் அது ஒன்றாக இறுகும். தளர்வாகச் சுற்றியது அவிழ்ந்துவிடும். இந்த வெப்பத்தில் சாதாரண நாடாவின் பசை உருகி வழியும் என்பதால், சில மாதங்களுக்கு ஒருமுறை புதிதாக மாற்றுங்கள். பாயின்மேல் காற்றோட்டத்தைக் காட்டும் கம்பளி இழைகளில் சிலவும், ஒரு நிரந்தர மைப் பேனாவும், நான்கைந்து பிளாஸ்டிக் கட்டுப்பட்டைகளும் இடத்தை அடைக்காமல் உள்ளே போகும்.

இயந்திரத்துக்கான சிறு முடிச்சு

போட்டியின்போது, படகின் பின்புறம் மாட்டும் சிறிய வெளிப்பொறி (அவுட்போர்டு மோட்டார்) வெறும் சுமைதான். போட்டி முடிந்து காற்று விழுந்து, நீரோட்டம் எதிர்த்து ஓடும்போது அதன் அருமை தெரியும். ஒரு ஸ்பார்க் பிளக், அதைக் கழற்றும் ஸ்பேனர், விசிறியைப் பிடிக்கும் முளை அல்லது ஸ்பிளிட் பின், அவசர நிறுத்தக் கயிற்றின் மாற்றுக் கொக்கி ஆகிய நான்கையும் ஒரு தனிப் பையில் கட்டி, பொறியின் அருகிலேயே வையுங்கள். கொக்கி தொலைந்தால், குறையேதும் இல்லாத பொறியும் ஓடாது. பழுது என்று முடிவு கட்டுவதற்கு முன், எரிபொருள் மூடியிலுள்ள காற்றுத் திருகு திறந்திருக்கிறதா என்று பாருங்கள். நான் பார்த்த ‘பழுதடைந்த’ பொறிகளில் பல, அந்தத் திருகைத் திறந்ததும் ஓடியவை.

கரையில் தங்க வேண்டியவை

கம்பி இழுவை அளக்கும் கருவி, துளைப்பொறி, ரிவெட் துப்பாக்கி, சாக்கெட் தொகுதி, மின் அளவி, வின்ச் கிரீஸ், சிலிக்கான் பசைக்குழாய் ஆகியன துறையிலுள்ள இரண்டாவது பெட்டிக்கு உரியவை. இவற்றால் செய்யும் வேலை எதுவும் ஐந்து நிமிடத்தில் முடியாது. சிலவற்றை அசையாத தளத்தில்தான் செய்ய முடியும். வின்ச்சைத் திறப்பதைக் குறிப்பாகச் சொல்கிறேன்: அதன் உள்ளே உள்ள சிறு சுருள்வில் ஒன்று தெறித்தால் கடல் திருப்பித் தராது. தெளிப்பு எண்ணெயையும் படகில் ஏற்றாதீர்கள். தளத்தில் ஒரு துளி சிந்தினாலும் காலூன்ற முடியாது. குண்டுத் தாங்கிகள் உள்ள கப்பிகளுக்கு எண்ணெய் தேவையுமில்லை, அவற்றுக்கு நன்னீர்க் கழுவலே மருந்து.

வைக்கும் இடமும் வைக்கும் முறையும்

பெட்டி வேண்டாம். வாய்ச்சுருக்குள்ள கித்தான் பையோ, விரித்துச் சுருட்டும் கித்தான் சுருளோ போதும். சுருளில் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு தையலறை இருப்பதால், காலியான அறை எது விடுபட்டது என்பதை உடனே காட்டும். அதனால் எனக்குச் சுருளே பிடிக்கும். தளத்தில் பயன்படுத்தும் கருவிகளுக்கு ஒரு மீட்டர் மெல்லிய கயிறு கட்டி, மறுமுனையில் மணிக்கட்டு நுழையும் கண்ணி போடுங்கள். எங்கள் சுருள் நிரம்பியபோது எடை 2.6 கிலோ.

அதைப் படகின் நடுவில், கீலுக்கு (படகின் அடியிலுள்ள கனமான தகடு) அருகே, தாழ்வான இடத்தில் கட்டிவையுங்கள். அணியத்திலோ பின்முனையிலோ வைத்த எடை, அலையில் படகின் மேல்கீழ் ஆட்டத்தைக் கூட்டும். காந்தத் திசைகாட்டி பொருத்திய தடுப்பின் பின்புறத்தில் மட்டும் வைக்கவே வேண்டாம். அரைச் சாண் தொலைவில் கிடக்கும் ஸ்பேனர் திசைமுள்ளைப் பல பாகை திருப்பிவிடும், அதை வைத்துக் காற்றின் திருப்பத்தைக் கணிப்பவர் தவறாகத் திரும்புவார்.

சுருள் நடுவில் அமரும் ஒருவருடைய பொறுப்பில் இருக்கட்டும். ஆனால் ஐவருக்கும் அது இருக்கும் இடம் தெரிந்திருக்க வேண்டும். பருவத் தொடக்கத்தில் துறையில் கட்டிய படகில், கண்ணை மூடிக்கொண்டு இடுக்கியை எடுத்து வரும்படி ஒவ்வொருவரிடமும் கேட்கிறோம். ஏப்ரல் முதல் நவம்பர் வரை மேற்கிலிருந்து வரும் சுமத்ரா புயல்வரிசை, மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் வீசக்கூடியது. பெரும்பாலும் விடியலுக்கு முன்பும் காலையிலும் வந்தாலும், மேற்கே வானம் கறுக்கும்போது பாயை இறக்குவதுதான் முதல் வேலை. அந்த நேரத்தில் சுருளைத் திறந்து பழுது பார்க்க முயலக்கூடாது. அப்போது பயன்படும் கருவி ஓட்டுநர் குழியிலுள்ள கத்தி மட்டுமே.

புறப்படும் முன்னும் திரும்பிய பின்னும்

போட்டி நாளில் துறையை விட்டுப் புறப்படும் முன், இடுக்கியையும் நாடாவையும் கையில் எடுத்துக்கொண்டு படகை ஒருமுறை சுற்றி வாருங்கள். ஒவ்வொரு ஷேக்கிளையும் கால் திருப்பு இறுக்கிப் பாருங்கள். ஒவ்வொரு ஸ்பிளிட் பின்னையும் விரலால் தொட்டுப் பாருங்கள், கண்ணால் பார்ப்பது போதாது. வடங்களை இணைக்கும் கிளெவிஸ் முளையின் தலை எந்தப் பக்கம் இருக்கிறது, நாடா உரிந்திருக்கிறதா, கம்பி வடத்தின் இழை ஏதேனும் முறிந்து துருத்திக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். இழை முறிந்த வடத்தோடு புறப்படாதீர்கள். இந்தச் சுற்றுக்குப் பத்து நிமிடம் ஆகும். அன்று பிற்பகல் சுருளைத் திறக்காமலே திரும்பினால், அந்தப் பத்து நிமிடம்தான் காரணம்.

திரும்பியதும், பயன்படுத்தினாலும் பயன்படுத்தாவிட்டாலும், இரும்புக் கருவிகளை நன்னீரில் அலசித் துடைத்து, எண்ணெய் நனைத்த துணியால் ஒருமுறை தடவுங்கள். பெரும்பாலான நல்ல ஸ்பேனர்களும் இடுக்கிகளும் குரோம் வனேடியம் எஃகில் ஆனவை. அவை உறுதியானவை, ஆனால் உப்புக்காற்றில் துருப்பிடிக்கும். துருவேறா எஃகில் செய்தவை துருப்பிடிக்காது, ஆனால் வாய் விரைவில் தேயும். உறுதியானதை வாங்கிப் பேணுவதே நல்லது. கித்தான் சுருளை விரித்து நிழலில் உலர்த்துங்கள். ஈரத்தோடு சுருட்டிய சுருள் ஒரு வாரத்தில் கருவியிலெல்லாம் செந்துரு படியச் செய்துவிடும்.

சுருளின் உள்மடிப்பில் ஒரு நெகிழி உறையில் பொருள்பட்டியல் இருக்கட்டும். எதையேனும் எடுத்துப் பயன்படுத்தினால் அதன்மேல் மைப்பேனாவால் ஒரு கோடு இழுங்கள். அடுத்த போட்டிக்கு முன் அந்தக் கோட்டை அழிக்கும் பொறுப்பு, கோடு இழுத்தவருடையது. பருவம் முடிந்ததும் பட்டியலை எடுத்துவைத்து, இரண்டு பருவங்களாக ஒரு கோடும் விழாத பொருள்களைப் பாருங்கள். அவசரக் காப்புக்கு உரியவை தவிர மற்றவை கரைப் பெட்டிக்குப் போகலாம். எங்கள் சுருளிலிருந்து அப்படி வெளியேறியவை சிறு அரமும் இரண்டாவது தட்டைத் திருப்புளியும். அவற்றின் அறைகளில் இப்போது மென் ஷேக்கிள்கள் இருக்கின்றன.